மரவள்ளி மாவும் கொன்ஸோ நோயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கசப்பு மரவள்ளியே மூன்று வேளைச் சாப்பாடாக இருக்கும் ஆப்பிரிக்க ஊர்களில் வரும் ஒரு நோய், அதைத் தடுக்க வேளாண்மைத் துறையும் சுகாதாரத் துறையும் செய்த ஆய்வுகள், அடுப்படியில் செய்ய வேண்டியவை ஆகியவற்றைப் பற்றிய கேள்விகள் இவை. பதில்கள் பெரும்பாலும் காங்கோ ஜனநாயகக் குடியரசு, மொசாம்பிக் ஆகிய இரண்டு நாடுகளின் அனுபவத்தை ஒட்டியவை. நம் ஊர் மரவள்ளி பற்றி அடிக்கடி வரும் கேள்விகளுக்குக் கடைசிப் பகுதியில் பதில் இருக்கிறது.

கொன்ஸோ என்பது என்ன நோய்?

இரண்டு கால்களும் ஒரே சமயத்தில், ஒரே மாதிரி விறைத்துப்போகும் நோய். நேற்றுவரை ஓடித் திரிந்த பிள்ளை இன்று எழுந்து நிற்கத் தடுமாறும். சிலருக்கு ஒரே இரவில், பலருக்கு இரண்டொரு நாளில் வந்துவிடும். வந்த பிறகு கூடுவதில்லை, ஆனால் போவதும் இல்லை. லேசாக வந்தவர்கள் கைத்தடி இல்லாமல் நடப்பார்கள், ஓடும்போதுதான் விறைப்பு தெரியும். நடுத்தரமாக வந்தவர்களுக்கு ஒன்றோ இரண்டோ ஊன்றுகோல் வேண்டும். கடுமையாக வந்தவர்கள் தவழ்ந்துதான் போக முடியும். பேச்சும் பார்வையும்கூடச் சிலருக்குப் பாதிக்கப்படும்.

இதைக் குணமாக்கும் மருந்து கிடையாது. உடற்பயிற்சி சிகிச்சை, ஊன்றுகோல், சிலருக்குக் குதிகால் தசைநாணை நீட்டும் அறுவை சிகிச்சை, இவ்வளவுதான் வழி. அதனால்தான் மற்ற பதில்கள் எல்லாம் தடுப்பு பற்றியே இருக்கின்றன.

யாருக்கு அதிகம் வருகிறது?

மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும், பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கும். தாய்ப்பால் குடிக்கும் வயதில் அநேகமாக வருவதில்லை. ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு வருவது சகஜம், ஒரே பானையில் சாப்பிடுகிறார்களே. இதைப் பார்த்துத் தொற்றுநோய் என்று பயப்படுவார்கள். இது தொற்றாது.

போலியோவிலிருந்து எப்படிப் பிரித்தறிவது?

போலியோவில் கால் தொய்ந்து சூம்பும், பெரும்பாலும் ஒரு பக்கம் அதிகமாக இருக்கும். கொன்ஸோவில் இரண்டு காலும் ஒரே மாதிரி விறைக்கும். உலக சுகாதார நிறுவனம் 1996இல் மூன்று அடையாளங்களை வகுத்தது: நடக்கும்போதோ ஓடும்போதோ கண்ணுக்குத் தெரியும் சமச்சீரான விறைப்பு, நல்ல உடல்நிலையில் இருந்தவருக்கு ஒரு வாரத்துக்குள் வந்து, பிறகு கூடாமல் நின்றுவிட்டது, முதுகெலும்பில் நோய் இல்லாமலேயே இரண்டு முழங்கால் அல்லது கணுக்கால் அனிச்சைகளும் மிகைத்திருப்பது. மூன்றும் இருந்தால்தான் கொன்ஸோ என்று கணக்கில் எடுக்க வேண்டும்.

இந்தியாவில் கேசரிப் பருப்பைத் தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்கு வந்த கால் முடக்கமும் பார்ப்பதற்கு இப்படித்தான் இருக்கும். நச்சு வேறு. ஆனால் பஞ்சத்தில் ஒரே பயிரை நம்பியிருந்தவர்களைப் பிடித்த நோய் என்பதில் இரண்டும் ஒன்று.

எப்போது, எங்கே கண்டுபிடித்தார்கள்?

1938இல், அன்றைய பெல்ஜியக் காங்கோவின் க்வாங்கோ பகுதியில் ஜொவான்னி ட்ரோல்லி என்ற மருத்துவர் முதலில் எழுதிவைத்தார். உலகம் கவனித்தது 1981இல். மொசாம்பிக்கின் நம்பூலா மாகாணத்தில் கடும் வறட்சியில் 1,102 பேருக்குக் கால் முடங்கியது. வைரஸ் நோயாக இருக்குமோ என்றுதான் முதல் சந்தேகம். பின்னாளில் புள்ளிவிவரப் பேச்சுகளால் உலகப் புகழ் பெற்ற ஹான்ஸ் ரோஸ்லிங், அப்போது அதே மாகாணத்தின் நகாலாவில் மாவட்ட மருத்துவர். அவரும் மொசாம்பிக் சுகாதார அமைச்சகத்தில் பணியாற்றிய ஜூலி கிளிஃப் போன்றவர்களும் செய்த ஆய்வுகள் மரவள்ளியிலிருந்து உடலில் சேரும் சயனைடு நச்சைக் கைகாட்டின. தான்சானியா, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு, கேமரூன், அங்கோலா ஆகிய நாடுகளிலும் இந்த நோய் பதிவாகியிருக்கிறது.

மரவள்ளியில் சயனைடு எப்படி வருகிறது?

கிழங்கில் சயனைடு நேரடியாக இல்லை. லினமரின் என்ற பொருளாகக் கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. அதை உடைக்கும் லினமரேஸ் என்ற நொதியும் அதே கிழங்கில்தான் இருக்கிறது, ஆனால் வேறு அறையில்: லினமரின் செல்லின் உள்ளே, நொதி செல் சுவரில். கிழங்கைத் துருவினாலோ நசுக்கினாலோ ஊறவைத்து அழுகவிட்டாலோ செல் உடைந்து இரண்டும் கலக்கும், ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பிப் போய்விடும். 26 டிகிரியிலேயே கொதிக்கும் பொருள் அது, வெயிலில் நிற்காது.

ஆகவே கிளம்பிப் போன சயனைடால் சாப்பிடுகிறவருக்கு ஆபத்து இல்லை. உடையாமல் மாவில் தங்கிவிட்ட லினமரினால்தான் ஆபத்து. அது வயிற்றுக்குள் போனபின் ஒரு பகுதி குடல் பாக்டீரியாக்களால் உடைந்து சயனைடை விடுகிறது.

கூழாகக் கிண்டி நன்றாகக் கொதிக்கவைத்தால் போகாதா?

போகாது. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். கொதிநீர் நொதியைக் கொன்றுவிடும், லினமரினோ சூட்டைத் தாங்கி நிற்கும். உடைக்க ஆள் இல்லாமல் அது அப்படியே தட்டுக்கு வந்து சேரும். எவ்வளவு நேரம் கிண்டினாலும் இதே கதைதான். நொதி உயிரோடு இருக்கும்போதே, பச்சைத் தண்ணீரில், வேலையை முடித்துவிட வேண்டும்.

கசப்பு மரவள்ளியை ஏன் பயிரிட வேண்டும்? இனிப்பு ரகத்தை நட்டால் தீர்ந்ததே?

திட்டம் போடுகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி இது. கசப்பு ரகத்தைக் குரங்கும் காட்டுப்பன்றியும் எலியும் தொடுவதில்லை. திருடனும் பிடுங்கி வேகவைத்துச் சாப்பிட முடியாது, அவனும் நாள்கணக்கில் பதப்படுத்தியாக வேண்டும். ஆண்கள் வெளியூர் போன வீட்டில் காவலுக்கு ஆள் இல்லாத பெண்ணுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. வளமற்ற மண்ணிலும் விளைகிறது, பிடுங்காமல் மண்ணிலேயே மாதக்கணக்கில் விட்டுவைக்கலாம்.

தவிர, சயனைடே இல்லாத ரகம் எதுவும் உழவர் கையில் இல்லை. வறட்சியில் இனிப்பு ரகத்திலும் லினமரின் ஏறும். மரபணுவைத் திருத்தி லினமரின் உருவாவதையே நிறுத்திய செடிகள் ஆய்வுக்கூடத்தில் வந்திருக்கின்றன, ஆனால் அவை கிராமத்துக்கு வந்துசேரும்வரை பிள்ளைகள் இன்றைய மாவைத்தான் சாப்பிட வேண்டும்.

தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடுகிறார்கள். பதப்படுத்தத் தெரியாதா?

நன்றாகத் தெரியும். காங்கோவில் உரித்த கிழங்கைத் தண்ணீரில் மூன்று நான்கு நாள் ஊறவைப்பார்கள். விரலால் அழுத்தினால் குழியும் பதம் வந்ததும் எடுத்துக் காயவைத்து இடிப்பார்கள். ஒழுங்காக ஊறிய கிழங்கில் லினமரின் மிகக் குறைவாகவே மிஞ்சும். மேற்கு ஆப்பிரிக்காவில் துருவி, புளிக்கவைத்து, பிழிந்து, வறுத்துக் ‘கரி’ என்ற ரவை செய்கிறார்கள். அங்கே கொன்ஸோ கிடையாது.

அவசரம் வந்தால்தான் வழுக்குகிறது. காங்கோவின் பண்டுண்டு பகுதியிலிருந்து தலைநகர் கின்ஷாசாவுக்குத் தார்ச்சாலை போட்டதும் மரவள்ளி வியாபாரம் பெருகியது. லாரி நிற்கிறது, ஊறவைக்கும் நாள் மூன்றிலிருந்து ஒன்றாகச் சுருங்கியது. வீட்டுக்கும் அதே கிழங்குதான். பின்னாளில் காங்கோவின் தேசிய ஊட்டச்சத்துத் திட்டத்தில் முக்கியப் பங்காற்றிய ஜான்-பியேர் பனெயா 1990களின் தொடக்கத்தில் இதை ஆராய்ந்து எழுதினார். பசியும் இதையேதான் செய்யும்: அடுப்பில் வைக்க ஒன்றும் இல்லாத வீட்டில் நான்கு நாள் காத்திருக்க யாரால் முடியும்? சண்டை நடக்கும் ஊரில் ஆற்றங்கரையில் கிழங்கை விட்டுவிட்டு வரவும் முடியாது. இதைப் பெண்களின் அறியாமை என்று எழுதும் அறிக்கைகள் விஷயத்தைத் தலைகீழாகப் பார்க்கின்றன.

மொசாம்பிக் பக்கம் வேறு பழக்கம். உரித்த கிழங்கை அப்படியே வெயிலில் காயவைத்து இடிப்பது ஒன்று. குவித்து மூடிச் சில நாள் பூஞ்சை பிடிக்கவிட்டு, சுரண்டிக் காயவைப்பது மற்றொன்று. வெயிலில் மட்டும் காய்ந்த கிழங்கில் லினமரினில் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை மிஞ்சும். குவித்துப் புளிக்கவைத்தால் அதில் பாதி. செல் உடைவதற்கு முன்பே கிழங்கு காய்ந்துவிடுவதுதான் காரணம்.

மாவை நனைத்துப் பரப்பும் முறை என்பது என்ன?

காய்ந்த மாவில் லினமரினும் நொதியும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துவைக்கத் தண்ணீர் மட்டும்தான் இல்லை. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் பிராட்பரி இதைப் பிடித்துக்கொண்டு 2000களின் நடுவில் ஒரு முறையை உருவாக்கினார். மொசாம்பிக்கில் ஊர்மக்களோடு சேர்ந்து சோதித்தார்கள். செய்முறை இதுதான்:

1. அன்றைக்குச் சமைக்கும் அளவு மாவைப் பேசினில் கொட்டி மட்டமாகத் தட்டுங்கள். மாவின் மட்டத்தில் பாத்திரத்தின் உள்பக்கம் ஒரு கோடு போடுங்கள்.
2. பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறுங்கள். காற்று வெளியேறுவதால் மாவு முதலில் கோட்டுக்குக் கீழே இறங்கும். மேலும் விட்டால் ஏறிவரும். மறுபடி கோட்டைத் தொட்டதும் நிறுத்துங்கள். தராசு உள்ளவர்களுக்கு: ஒரு கிலோ மாவுக்குச் சுமார் ஒன்றேகால் லிட்டர்.
3. ஈரமாவைப் பாயிலோ கூடைத்தட்டிலோ ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கனம் இல்லாமல் பரப்புங்கள். சுண்டுவிரலின் கனத்தைத் தாண்டக் கூடாது.
4. வெயிலில் இரண்டு மணி நேரம், நிழலில் என்றால் ஐந்து மணி நேரம் விடுங்கள். வீட்டுக்குள் வேண்டாம், கிளம்புவது நச்சு வாயு.
5. அதே மாவை அன்றைக்கே வழக்கம்போல் கொதிநீரில் கிண்டிச் சாப்பிடுங்கள். மறுபடி காயவைக்க வேண்டியதில்லை.

இதனால் மாவின் சயனைடு மூன்றில் ஒரு பங்காகவோ ஆறில் ஒரு பங்காகவோ குறையும். கசப்பும் குறைவதால் ருசி நன்றாக இருக்கிறது என்று பெண்களே சொல்கிறார்கள். இந்த முறை ஊருக்குள் நிலைத்ததற்குச் சுகாதாரப் பிரசங்கத்தைவிட அந்த ருசிதான் பெரிய காரணம் என்று தோன்றுகிறது.

இதில் எங்கே தவறுகிறது?

பெரும்பாலும் பரப்புவதில். பாய் சிறியதாக இருந்தால் மாவைக் குவித்துவிடுவார்கள். மேற்புறம் காய்ந்து ஆடை கட்டும், நடுவில் வாயு சிக்கிக்கொள்ளும். ஒரு கிலோ மாவுக்கு ஒரு சாக்கு அளவு இடம் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

தண்ணீர் குறைந்தால் உதிரியாக நின்றுவிடும், நொதிக்கு ஈரம் எட்டாது. அதிகமானால் பிசைந்த மாவு போல் ஒட்டிக்கொண்டு வாயு வெளியே வராது. கோடு போடுவது இதற்காகத்தான். கோட்டை விட்டுவிட்டுக் கைக்கணக்கில் செய்பவர்களிடம்தான் மாவு மறுபடி கசக்கிறது.

சீக்கிரம் முடியட்டும் என்று வெந்நீர் ஊற்றுவது அடுத்த தவறு. காரணம் மேலே சொன்னதுதான், நொதி செத்துவிடும். இரவில் நனைத்து மூடிவைத்துக் காலையில் சமைப்பதும் சரியில்லை. மாவு புளித்து அமிலமாகிறது, அமிலத்தில் சயனைடை விடுவிக்கும் கடைசிப் படி மந்தமாகிறது, ருசியும் கெடுகிறது. மழைக்காலத்தில் கூரைத் தாழ்வாரத்தில் ஐந்து மணி நேரம் விடுவதுதான் வழி. அதற்குக் காலையிலேயே நனைத்தாக வேண்டும்.

ஒரு முறை சொல்லிக்கொடுத்துவிட்டு வண்டியேறும் திட்டங்களால் பலன் இல்லை. ஊரிலுள்ள பெண்களில் சிலரை முதலில் பழக்கி, அவர்கள் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய்ப் பார்த்துத் திருத்துவதுதான் நின்றிருக்கிறது. படம் போட்ட சுவரொட்டியை வீட்டுக்கு வீடு கொடுக்கிறார்கள், எழுத்து தெரியாதவர்களுக்கும் அது போதும்.

உண்மையில் நோய் நின்றதா?

காங்கோவின் பொபொகபகா சுகாதார வட்டத்திலுள்ள கய் கலெண்டா என்ற ஊரில் 34 பேருக்குக் கொன்ஸோ இருந்தது. 2010-11இல் ஒன்றரை ஆண்டு இந்த முறையைத் தினமும் கடைப்பிடித்தார்கள். அந்தக் காலத்தில் புதிதாக யாருக்கும் வரவில்லை. பள்ளிப் பிள்ளைகளின் சிறுநீரில் தயோசயனேட் (உடல் சயனைடை மாற்றி வெளியேற்றும் பொருள்) அளவு பாதிக்கும் கீழே இறங்கியது. பனெயாவும் பிராட்பரியும் சேர்ந்து 2012இல் இதை வெளியிட்டார்கள். பிறகு வேறு ஊர்களுக்கும் கொண்டுபோனார்கள்.

சிறுநீரில் ஏன் அளக்கிறார்கள்?

உடல் சயனைடைத் தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. ஒரு லிட்டருக்கு 350 மைக்ரோமோலைத் தாண்டினால் ஆபத்து அதிகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இந்த மாற்றத்துக்குக் கந்தகம் வேண்டும். அது வருவது புரதத்திலிருந்து. மீனோ பயறோ முட்டையோ இல்லாமல் மரவள்ளிக் கூழை மட்டும் சாப்பிடும் பிள்ளைக்குக் கந்தகம் தீர்ந்துவிடுகிறது. ஒரே மாவைச் சாப்பிட்டும் கடற்கரை ஊரில் நோய் குறைவாகவும் உள்நாட்டில் அதிகமாகவும் இருப்பதற்கு இதுதான் விளக்கம். தயோசயனேட் அயோடினையும் தடுக்கும், ஆகவே அயோடின் உப்பு இல்லாத ஊரில் கழலையும் சேர்ந்துகொள்கிறது.

கால் முடங்காத பிள்ளைகளுக்கும் பாதிப்பு உண்டு. காங்கோவின் கஹெம்பாவில் மைக்கேல் பாய்வினும் டிசைரே ட்ஷாலா-கடும்பாயும் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், கொன்ஸோ வந்த வீடுகளில் நன்றாக நடக்கும் பிள்ளைகளின் சிந்தனைத் திறனும் பின்தங்கியிருந்தது.

மாவில் சயனைடு எவ்வளவு இருக்கலாம்?

கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்பது கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பின் வரம்பு. இந்தோனேசியா 40 வரை அனுமதிக்கிறது. மொசாம்பிக்கில் வறட்சி ஆண்டு மாவில் 100ஐத் தாண்டியதைப் பார்த்திருக்கிறார்கள். 20 கிலோ எடையுள்ள பிள்ளை அப்படிப்பட்ட மாவில் 300 கிராம் சாப்பிட்டால் 30 மில்லிகிராம், அதாவது உடல் எடையில் கிலோவுக்கு ஒன்றரை மில்லிகிராம். உயிரைப் பறிக்கும் அளவு 0.5 முதல் 3.5 வரை என்கிறார்கள். முழுவதும் ஒரேயடியாக விடுபடாததால்தான் பிள்ளை பிழைக்கிறது.

கிராமத்திலேயே சோதிக்க முடியுமா?

முடியும், பிக்ரேட் காகிதச் சோதனை அதற்கென்றே உருவானது. சிறு பிளாஸ்டிக் புட்டியில் நொதியும் அமிலச் சமநிலை உப்பும் ஏற்றிய காகித வட்டத்தைப் போட்டு, அதன்மேல் 100 மில்லிகிராம் மாவு, சிறிது தண்ணீர். மஞ்சள் பிக்ரேட் காகிதம் ஒட்டிய பட்டையைத் தண்ணீரில் படாமல் உள்ளே நிறுத்தி மூடி, ஒரு இரவு முழுக்க விட வேண்டும். சயனைடு இருந்தால் மஞ்சள் பழுப்பாகும், நிற அட்டையோடு ஒப்பிட்டுப் படிக்கலாம். நிறமானி உள்ளவர்கள் காகிதத்தை 5 மில்லி தண்ணீரில் ஊறவைத்து 510 நானோமீட்டரில் அளந்து, வரும் எண்ணை 396ஆல் பெருக்கினால் கிலோவுக்கு மில்லிகிராம் கிடைக்கும்.

மாவு போடாத ஒரு புட்டியையும் கூடவே வையுங்கள். அதிலும் நிறம் மாறினால் அன்றைய சோதனை செல்லாது. மாதிரியைக் காய்ந்த நிலையில் இறுக்கி மூடிக் கொண்டுபோக வேண்டும். ஈரம் பட்டால் வழியிலேயே சயனைடு போய்விடும், நல்ல மாவு என்று தப்பான முடிவு வரும். காகிதத்தைத் தாங்களே தயாரிக்கிறவர்கள் கவனிக்க: பிக்ரிக் அமிலப் பொடியைக் காயவிடக் கூடாது, வெடிக்கும்.

நாக்கில் வைத்துப் பார்ப்பது போதுமா என்றால், கசந்தால் கெடுதல் என்று சொல்லலாம். கசக்கவில்லை என்பதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள முடியாது.

தமிழ்நாட்டில், கேரளத்தில் நாம் சாப்பிடும் மரவள்ளி?

பயப்பட வேண்டாம். வீட்டுக்கு வாங்கும் குச்சிக்கிழங்கு இனிப்பு ரகம், நாம் மாவாக்காமல் வேகவைத்துச் சாப்பிடுகிறோம், அதுவே முழுச் சாப்பாடும் அல்ல. கப்பையோடு மீன்குழம்பு வைப்பது கந்தகக் கணக்கிலும் சரிதான். ஆனால் துண்டின் அளவைக் கவனியுங்கள். இரண்டு கிராம் அளவுச் சிறு துண்டுகளாக நிறையத் தண்ணீரில் வேகவைத்தால் லினமரினில் முக்கால் பங்கு தண்ணீரில் கரைந்து வெளியேறும், 50 கிராம் துண்டாகப் போட்டால் கால் பங்குதான் போகும். தோலை, அடியிலுள்ள தடித்த வெள்ளைப் பட்டையோடு உரித்து, பொடியாக நறுக்கி, திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கசக்கும் கிழங்கை ஒதுக்கிவிடுங்கள்.

ஜவ்வரிசியில் இந்தச் சிக்கல் இல்லை. கிழங்கை அரைத்து, பலமுறை தண்ணீரில் அலசி, மாவுப்பாலைப் படியவைத்து எடுப்பதால் லினமரின் கழுவிப் போய்விடுகிறது.

ஆடு மரவள்ளித் தழையைத் தின்றுவிட்டது, என்ன செய்வது?

சேலம், நாமக்கல் பக்கம் அடிக்கடி நடப்பது. பச்சைத் தழை, கிழங்குத் தோல் இரண்டிலும் லினமரின் அதிகம், மெல்லும்போதே சயனைடு கிளம்பிவிடும். மூச்சிரைப்பு, தள்ளாட்டம், வாயில் நுரை, ஈறு நல்ல சிவப்பாகத் தெரிவது ஆகியவை அடையாளங்கள். நிமிடக்கணக்கில் சாகும், ஆகவே கைவைத்தியத்தில் நேரம் போக்காமல் கால்நடை மருத்துவரை உடனே அழையுங்கள். சோடியம் நைட்ரைட், சோடியம் தயோசல்பேட் ஊசிகளை அவர்தான் எடை பார்த்துப் போட வேண்டும். என்ன தின்றது, எவ்வளவு நேரம் ஆனது என்பதைப் போனிலேயே சொல்லிவிட்டால் அவர் மருந்தோடு வருவார். தழையைத் தீவனமாகக் கொடுக்க நினைப்பவர்கள் பொடியாக நறுக்கி மெல்லியதாகப் பரப்பி, நன்றாக வாடிக் காய்ந்த பிறகு மற்ற தீவனத்தோடு கலந்து கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும்.